ஸ்டாம்ப் மேல கையெழுத்து போடும்மா!

சென்ற வாரம் ஒரு மாணவி என்னிடம் வந்து டி.சி. கேட்டாள். நாற்காலியிலிருந்து நான் விழாமல் இருந்ததே பெரிது.

உங்களுக்குத்தான் தெரியுமே, விருத்தாசலத்தில் நான் வேலை பார்ப்பது ஒரு சின்னக் கல்லூரி. பாடமும் நடத்த வேண்டும், ஸ்காலர்ஷிப் ஃபைலையும் கட்டி அழ வேண்டும். எட்டு வருடமாக அந்த ஃபைல் என் தலையில்தான்.

டி.சி. கேட்டவள் வளர்மதி. பி.எஸ்ஸி. கணக்கு, இரண்டாம் வருடம், வகுப்பில் முதல் மார்க். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண். கல்யாண ஏற்பாடா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா... என் மூளை வழக்கமான ரூட்டில் ஓடியது.

"அதெல்லாம் இல்ல சார். ஸ்காலர்ஷிப் வந்துடுச்சுல்ல... அதான் அப்பா நின்னுக்கச் சொல்லிட்டாரு."

ஸ்காலர்ஷிப் வராததால் படிப்பை நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். வந்ததால் நிறுத்துகிறார்களா? அப்பாவை அழைத்து வரச் சொன்னேன்.

மறுநாளே வந்தார். கொளஞ்சிநாதன் என்று பெயர், விவசாயி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"ரெண்டு வருஷம் வாங்குனது போதும் சார். மூணாவது வருஷமும் வாங்குனா என்னால கட்ட முடியாது."

"எதைக் கட்டணும்?"

"கவுருமெண்டு கடனத்தான். ஸ்டாம்பு மேல கையெழுத்து போட்டுட்டு வந்திருக்குது சார் பாப்பா. போன வருஷம் போட்டதே எனக்கு இப்பதான் தெரியும்!"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகுதான் எங்கள் ரிஜிஸ்டர் ஞாபகம் வந்தது.

ஸ்காலர்ஷிப் பணம் கொடுக்கும்போது, ரிஜிஸ்டரில் பெயருக்கு எதிரே ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்குவோம். எங்களுக்கு அது ரசீது. ஊரில்? ஸ்டாம்ப் மேல் கையெழுத்து என்றால் ஒரே அர்த்தம்தான் — புரோநோட்டு! மச்சானுக்காக ஜாமீன் கையெழுத்து போட்டு அரைக் காணி நிலத்தை இழந்தவராம், அவரே சொன்னார். பெண்ணும் அதே போல மாட்டிக்கொள்வாளோ என்று பயந்திருக்கிறார். அதில் என்ன தப்பு?

தப்பு என்னுடையது. வருடா வருடம் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "ஸ்டாம்ப் மேல போடும்மா, சீக்கிரம், அடுத்த ஆள் வா" என்று கத்தியதைத் தவிர நான் என்ன செய்தேன்? இது திருப்பித் தர வேண்டாத பணம் என்று ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொன்னேனா? இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

அரை மணி நேரம் விளக்கினேன். செல்போனில் இன்கமிங் ஃப்ரீ என்றால் உடனே நம்புகிறோம், படிப்புக்கு ஃப்ரீயாகப் பணம் தருகிறார்கள் என்றால் மட்டும் சந்தேகம் வந்துவிடுகிறது! "எழுதிக் குடுங்க சார்" என்றார். எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"ஸ்டாம்பு ஒட்டிப் போடுங்க சார்."

வேறு வழி? அட்டெண்டர் கலியமூர்த்தியைக் கூப்பிட்டேன். அவர் ஒரு ஸ்டாம்ப் எடுத்து வந்து ஒட்டித் தர, அதன் மேல் கையெழுத்து போட்டேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்த பிறகுதான் கொளஞ்சிநாதன் முகம் தெளிந்தது.

"பாப்பா நாளைக்கு வந்துடும் சார். போயிட்டு வரேங்க."

அப்பாடா என்று நிமிர்ந்தால், கலியமூர்த்தி போகாமல் நின்றுகொண்டிருக்கிறார். நான் வந்த நாளிலிருந்து அந்த ரிஜிஸ்டரில் ஒவ்வொரு பெயருக்கும் ஸ்டாம்ப் ஒட்டுவது அவர்தான்.

"ஏன் சார்... நெசமாவே திருப்பிக் கட்ட வேணாமா?"

"வேண்டாங்க. ஏன் கேக்குறீங்க?"

"எம் பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சப்ப இங்க சேக்கறதுக்கு ஃபாரம் வாங்கிட்டுப் போனேன் சார். ஸ்காலர்ஷிப் இல்லாம படிக்க வெக்க முடியாது... இவ்ளோ ஸ்டாம்பு ஒட்டுறமே, நம்ம புள்ள தலையிலயும் கடன் ஏறணுமான்னு கிழிச்சுப் போட்டுட்டேன். ரெண்டு வருஷம் பீங்கான் கம்பெனிக்குப் போச்சுது. போன ஆவணியில கட்டிக் குடுத்துட்டேன்."

என் மேஜைக்கும் அவர் ஸ்டூலுக்கும் பத்தடி தூரம் இருக்குமா? எட்டு வருடத்தில் அந்தப் பத்தடியைக்கூட ஒரு தகவல் தாண்டவில்லை.

ஏதாவது பேச வேண்டுமே என்று, ப்ளஸ் டூவில் பெண் என்ன மார்க் என்று கேட்டேன்.

சொன்னார். நான் கேட்டிருக்கக் கூடாது.