ரைட்டர் கையாலேயே ஒரு மனு

காப்பி எஸ்டேட் ஆபீசில் சேர்ந்த மூன்றாம் மாதம், என் பக்கத்து நாற்காலியில் ஒரு பலாப்பழத்தை உட்கார வைத்தேன். காரணம் எங்கள் ரைட்டர். கடிதம், கணக்கு, ஆள் வருகை எல்லாம் பார்க்கிறவர், ஐம்பத்தைந்து வயது. கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறேன் என்று தினமும் அந்த நாற்காலியில் வந்து உட்காருவார். கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. மவுஸைப் பிடிக்கிற சாக்கில் என் கையைப் பிடிப்பார். எழும்போது என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுவார். மனுஷனுக்கு முட்டிவலியாம்! மேசை இருக்கிறது, சுவர் இருக்கிறது, என் இடுப்புதான் அகப்பட்டதா?

"ஏன் கண்ணு, பலாப்பழத்துக்கெல்லாம் சேரு போட்டிருக்கே?" என்றார்.

"பழுக்கட்டுமுங்க" என்றேன்.

பழுத்தது. நாலாம் நாள் ஆபீஸ் முழுக்க வாசனை, ஈ. அவரே அதை வெட்டி, ஆளுக்கு ரெண்டு சுளை கொடுத்து, மிச்சத்தைத் தின்றுவிட்டு, காலியான நாற்காலியில் நிம்மதியாக உட்கார்ந்தார். பிசுபிசுத்த கை என் தோளில் வந்து விழுந்தது. சீ என்று எழுந்து போய், அன்றைக்கே புகார் எழுதினேன்.

சும்மா வேலையை விட்டுவிட்டுப் போக எனக்கு வழியில்லை. எங்கள் ஊர் கிளியூரிலிருந்து நடந்து போய் வரும் தூரத்தில் வேறு ஆபீஸ் கிடையாது. வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று மாதம் இருந்தது. எனக்கு அந்த வேலையும் வேண்டும், அந்தக் கையும் என் மேல் படக் கூடாது. இரண்டும் சேர்த்துக் கேட்பது அதிகம் என்று எனக்கு இன்றுவரை தோன்றவில்லை.

ஆபீஸ் சுவரில் பெண்கள் புகார் கமிட்டி என்று ஒரு போர்டு மாட்டியிருந்தது. தலைவி, எஸ்டேட் டிஸ்பென்சரி நர்சம்மா. அவரிடம் போய், மனு கொடுக்க வேண்டும் என்றேன்.

"மனுவா சாமி? ரைட்டருகிட்டச் சொல்லு, நொம்ப நல்லா எழுதித் தருவாரு."

"அவரு மேலதானுங்க மனுவே!"

நர்சம்மா கையிலிருந்த பஞ்சு தரையில் விழுந்தது.

நர்சம்மாவைத் திட்டவும் முடியாது. எங்கள் எஸ்டேட்டில் லீவு, ரேஷன் கார்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, எதுவானாலும் ரைட்டர் எழுதினால்தான் மனு. குண்டு குண்டான அந்த எழுத்தைத் தவிர வேறு எதையும் மேனேஜர் படித்ததில்லை. நர்சம்மா பழக்க தோஷத்தில் என் தாளை மேனேஜர் மேசைக்கு அனுப்பிவிட்டார். அது மறுநாளே சிவப்பு மையில் "ரைட்டர் மூலமாக வரவும்" என்ற குறிப்போடு திரும்பி வந்தது. கொண்டுவந்து கொடுத்ததே ரைட்டர்தான்.

"தேதி போட மறந்துட்டே கண்ணு" என்றார். "உன் நிரந்தர லெட்டரும் எங்கையாலதான் எழுதோணும். பாத்து நடந்துக்க."

நேராகக் காப்பிப் பழம் அரைக்கும் கொட்டகைக்குப் போய் மூட்டை மேல் உட்கார்ந்து அழுதேன். அழுகையா ஆத்திரமா என்று எனக்கே தெரியவில்லை. பறித்து வந்த பெண்கள் சுற்றி நின்று கேட்டார்கள். கேட்டு முடித்ததும் அவர்களுடைய மேஸ்திரியம்மா கொண்டையை அவிழ்த்து இறுக்கிப் போட்டார்.

"ரைட்டரு மூலமாத்தான் போகோணுமா? போகட்டுமே. வாங்க புள்ளைகளா."

பன்னிரண்டு பேர் ஆபீசுக்குள் நுழைந்தோம். நிற்கக்கூட இடமில்லை. ஒருத்தி ஜன்னல் மேல் ஏறி உட்கார்ந்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, ஒரு மனு எழுதோணுமுங்க" என்றார் மேஸ்திரியம்மா. "நீங்க எழுதுற வரைக்கும் மூட்டையை யாரும் அவுக்க மாட்டோம்."

பறித்த பழத்தை அன்றே அரைக்காவிட்டால் புளித்துவிடும். புளித்தால் மேனேஜர் முதலில் கேட்பது ரைட்டரைத்தான். அவர் கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பேனாவைத் திறந்தார்.

பழக்கம் யாரை விட்டது? "கனம் ஐயா அவர்கள் சமூகத்துக்கு" என்று பூப்போல ஆரம்பித்தார். "ரைட்டர் அவர்கள் அன்பினால் தோளில் தட்டிக் கொடுத்தார்" என்று எழுதி வாசித்தார்.

"அன்பை அடிங்க" என்றேன்.

அடித்தார்.

"தட்டிக் கொடுக்கலைங்க. இடுப்பைப் புடிச்சீங்க. இடுப்புன்னு எழுதுங்க."

எழுதினார். நெற்றி வியர்வை 'இடுப்பு' மேலேயே சொட்டியது. நான் சிரித்துவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே ஜன்னல்காரி சொன்னாள், "எடை போடுறப்ப என்னைய இடிச்சதையும் சேத்துக்கங்க." அடுத்தவள், "எனக்கு ஜீப்புல." மூன்று தாள் ஆயிற்று. நான் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே, எவ்வளவு பெரிய மக்கு நான்!

அந்த மனு கமிட்டிக்குப் போயிற்று. விசாரணையில் "எல்லாம் பொய்யுங்க" என்றார் ரைட்டர். "நீங்களே எழுதியிருக்கீங்க, பொய்யின்னு ஒரு வரி சேத்துருக்கலாமுங்களே" என்றார் நர்சம்மா. பன்னிரண்டு பேரும் நேரில் போய்ச் சொன்னோம். மாதக் கடைசியில் அவர் பெட்டியோடு சேலம் பஸ் ஏறினார். என் நிரந்தர லெட்டரை நானே டைப் செய்துகொண்டேன்.

இவ்வளவு நடந்தும், எனக்கு மறக்காமல் நிற்பது மனு எழுதி முடித்து எல்லோரும் கையெழுத்துப் போட்ட நேரம்தான். கடைசியாக நின்றவர் அங்கே இருபது வருடமாகப் பழம் பறிக்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். ரைட்டர் வழக்கம்போல மைப்பெட்டியைத் திறந்துவிட்டு, அவர் கட்டைவிரலைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

அந்த அம்மா கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வேண்டாமுங்க. இருவது வருசமா நீங்க என் கையைப் புடிச்சுத்தான் வெச்சீங்க. நானே வெச்சுக்குவேன்னு சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு" என்று சொல்லி, தானே விரலை மையில் அமுக்கி, தாளில் வைத்தார்.