இடிக்கு ஒளிந்த நாய்

ரப்பர் விலை விழுந்து, தோட்டங்களில் ஆள் குறைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அந்த நாய் எங்கள் வீட்டுக்கு வந்தது. கிள்ளான் பக்கத்துத் தோட்டத்துத் துரை ஒருவர் வேலை போய், சீமைக்குக் கப்பலேறிவிட்டார். போகும்போது, யாராவது வளர்த்துக்கொள்ளட்டும் என்று நாயை ஸ்டேஷன் தூணில் கட்டிவிட்டுப் போனாராம். என் வீட்டுக்காரர் ரயில் எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலையில் இருந்தார். மறுநாள் வண்டி கிள்ளானுக்குப் போனபோதும் அது அதே தூணடியில் கிடந்ததைப் பார்த்து, மனசு கேட்காமல் அவிழ்த்து எஞ்சினிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். வழி நெடுக அது கரிக் குவியலில் தலையைப் புதைத்துக்கொண்டிருந்ததாம். வீட்டுக்கு வந்தபோது அது என்ன நிறம் என்றே எனக்குத் தெரியவில்லை. குளிப்பாட்டிய பிறகுதான் செம்பட்டை உடம்பும் வெள்ளை மார்பும் தெரிந்தன.

துரை அதற்கு ஏதோ இங்கிலீஷ் பேர் வைத்திருப்பார். அது என்னவென்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்த துரைமார் பேரையெல்லாம் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்தார் இவர். ஒன்றுக்கும் அது காதை அசைக்கவில்லை. கடைசியில் "வா வா" என்பதே அதற்குப் பேராகிப் போனது.

எனக்குக் கல்யாணமாகி, ஊரைவிட்டு இந்த மலாய் நாட்டுக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே லயத்து வரிசை வீடுகளில் ஓர் அறையும் சமையல்கட்டும் எங்கள் வீடு. தண்ணீர்க் குழாய்வரை போவேன், வருவேன். அதற்கு மேல் தனியாக ஓரடி வைத்ததில்லை. தெருவில் கேட்கிற பாஷை எதுவும் புரியாது. காய்கறி வாங்கப் பாசார் சந்தைக்குக்கூட இவர்தான் போய் வருவார். அதனால் பகலெல்லாம் எனக்குத் துணை அந்த நாய்தான்.

இந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியும். காலையில் காயும் வெயிலைப் பார்த்தால் மழையே வராது என்று தோன்றும். மத்தியானம் தாண்டியதும் வானம் கறுத்து, வீடு அதிர இடிக்கும். முதல் இடிக்கே அந்த நாய் கயிற்றை அறுத்துக்கொண்டது. கதவுப் பலகையை நகம் கிழியப் பிறாண்டியது. வாயில் நுரை தள்ள, உடம்பெல்லாம் வெடவெடவென்று நடுங்கி, நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. ரயில் கூவினாலும் அப்படித்தான். வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் பாதை. பாவம், அது எங்கே போகும்?

நான் அதை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்ல" என்பேன். ஒருநாள் அப்படிப் பிடித்திருக்கையில் பக்கத்திலேயே இடி விழுந்தது. அது திமிறி என் கையைக் கவ்விவிட்டது.

சாயங்காலம் என் கையில் சுற்றியிருந்த துணிக்கட்டைப் பார்த்ததும் இவருக்குக் கோபம் வந்துவிட்டது. "தொர வீட்டு நாயின்னு கொண்டாந்தா, கடிக்குதா? நாளைக்கே கிள்ளானுக்குக் கொண்டுபோய் விட்டுட்டு வரேன்."

"அது என்னைக் கடிக்கலைங்க, பயத்தைக் கடிச்சிருக்கு."

"பயத்தைக் கடிச்சா பல்லு உன் கையில எப்படிப் பட்டுச்சு?"

"அங்கதான் ஒருத்தர் கட்டிப் போட்டுட்டுப் போயிட்டாரே. நீங்களும் கட்டிப் போட்டுட்டு வரப் போறீங்களா?"

அவர் சாப்பிட உட்கார்ந்தார். நாய் மறுநாளும் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அந்த வாரமே ஒரு மழையில், நான் துணி எடுக்கக் கதவைத் திறந்த நேரம் பார்த்து ஓடிவிட்டது. கழுத்தில் பட்டை இல்லாத நாயைக் கண்டால் அப்போது சுட்டுவிடுவார்கள். வெறிநாய்க்கடிக்குப் பயந்து அப்படி ஒரு சட்டம். துப்பாக்கியோடு ஆட்கள் சுற்றுவதை நானே குழாயடியிலிருந்து பார்த்திருக்கிறேன். இவரோ வண்டியில் போயிருந்தார். திரும்பிவரச் சாயங்காலமாகும்.

எப்படி இறங்கினேன் என்று தெரியாது. தலையில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு, "வா வா, வா வா" என்று கத்தியபடி லயத்தைத் தாண்டி, வண்டிகள் போகிற சடக்கு ரோட்டைத் தாண்டிப் போனேன். வழியில் ஒரு மாட்டு வண்டிக்காரர் என்னையே பார்த்தார். யாரை இப்படி வா வா என்கிறாள் என்று நினைத்திருப்பார். அந்தப் பக்கம் பழைய செங்கல் சூளைகள் இருந்தன. சிலதில் மட்டும் புகை வரும், மற்றவை இடிந்து புல் முளைத்துக் கிடக்கும். அங்கே கீரைத் தோட்டம் போட்டிருந்த ஒரு சீன அம்மாள், குடிசை வாசலிலிருந்து என்னைப் பார்த்துக் கையைத் தட்டினார்.

"தங்கச்சி! அஞ்சிங்? சினி, சினி!"

தங்கச்சி என்ற சொல் ஒன்றுதான் புரிந்தது. அஞ்சிங் என்றால் நாய், சினி என்றால் இங்கே என்று பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் நீட்டிய விரல் ஒரு சூளையின் வாயைக் காட்டியது. குனிந்து உள்ளே பார்த்தேன். இருட்டுக்குள் இரண்டு கண்கள்.

உள்ளே நுழைந்து உட்கார்ந்தேன். தொடப் பயமாக இருந்தது. கைக் காயம் இன்னும் ஆறவில்லை. சும்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்தத் தடித்த சுவருக்குள் இடிச் சத்தம் எங்கோ தூரத்தில் வண்டி உருளுகிற மாதிரிதான் கேட்டது. நாய் நடுங்கியது, ஆனால் ஓடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே நகர்ந்து வந்து, என் தொடையில் முதுகைச் சாய்த்தது. நான் கட்டிப்பிடித்தபோதெல்லாம் திமிறிய நாய் அது. பக்கத்தில் ஆள் இருந்தால் போதும், பிடித்து வைக்க வேண்டாம் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதன் நடுக்கம் குறையக் குறைய, என் நெஞ்சுப் படபடப்பும் அடங்கியது.

மழை விட்டதும் அந்த அம்மாளிடம் கையால் ஜாடை காட்டி, உடைந்த செங்கல் கேட்டேன். சிரித்துக்கொண்டே இரண்டு கூடை நிறைய அடுக்கி, தானே தோளில் காவடிக் கம்பில் மாட்டி வீடுவரை கொண்டுவந்து இறக்கினார். சமையல்கட்டு மூலையில் நான் அவற்றைச் சின்னச் சூளை மாதிரி கோணல்மாணலாக அடுக்கிக்கொண்டிருக்கையில் இவர் வந்தார்.

"என்ன, நாய்க்குக் கோயில் கட்டுறியா?"

நடந்ததைச் சொன்னேன். மழையில் தனியாகப் போனதற்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் கழுவக்கூடப் போகாமல், கரி அப்பிய கையோடு குந்தி உட்கார்ந்து, "தள்ளு, இப்படி வச்சா சாஞ்சிரும்" என்று நான் அடுக்கியதைப் பிரித்து மறுபடி அடுக்கினார். மேலே பலகை போட்டு, பலகை மேல் ஈரச் சாக்கை நாலாக மடித்துப் போட்டார். உள்ளே அவருடைய பழைய காக்கிச் சட்டை ஒன்றை விரித்தேன். நாய் மோந்து பார்த்துவிட்டு நுழைந்துகொண்டது.

ரயில் கூவலுக்கு மருந்தாக அமைந்தது கருவாடுதான். நெத்திலியின் தலையைக் கிள்ளுகிற நேரமும் சாயங்கால வண்டி போகிற நேரமும் ஒன்றாக இருந்தன. வண்டி கூவும்போதெல்லாம் ஒரு தலையை அதன் முன்னால் போட்டேன். முதலில் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, வண்டி போய்ச் சத்தம் அடங்கிய பிறகுதான் தின்னும். போகப்போக, நடுங்கிக்கொண்டே தின்றது. பிறகு ஒருநாள் வண்டி கூவியது, நாய் ஓடவில்லை. வாலை லேசாக ஆட்டி என் கையைப் பார்த்தது. வீட்டுக்காரரிடம் சொன்னபோது நம்பவே இல்லை. லீவு நாளில் கூடவே உட்கார்ந்து பார்த்துவிட்டு, "எங்க டிரைவர் கூவுறதெல்லாம் இதுக்குச் சாப்பாட்டு மணியாப் போச்சு!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

இடிப் பயம் மட்டும் முழுசாகப் போகவில்லை. ஆனால் வானம் கறுத்தால் அதுவாகவே செங்கல் அறைக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். நான் வெளியே உட்கார்ந்து அரிசி புடைப்பேன்.

கழுத்துப் பட்டை வாங்கிப் போட்ட பிறகு, பாசாருக்கும் என்னோடு வரத் தொடங்கியது. ஆம், பாசாருக்கு நானே போக ஆரம்பித்திருந்தேன். கீரை அந்தச் சீன அம்மாளிடம்தான். அவர் மலாய்ச் சொல் ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுப்பார், நான் தப்பாகச் சொன்னால் இரண்டு பேரும் சிரிப்போம்.

ஒருமுறை பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கடை வராந்தாவில் ஏறி நின்றோம். இடித்தது. நாய் நடுங்கியது, என் காலோடு ஒட்டி நின்றது. கயிறு என் கையில் தளர்வாகவே கிடந்தது. மழை ஓய்ந்து தூறலானதும் நான், "போலாமா?" என்றேன். அது ஒருமுறை உடம்பை உதறி என் புடவையெல்லாம் நனைத்துவிட்டு, எனக்கு முன்னால் இறங்கி நடந்தது.