இடது பக்கம் முடியும் சுருள்

எங்கள் அக்காவுக்கு இடது கைப் பழக்கம். சோற்றுக்கும் எழுத்துக்கும் மட்டும் வலது கையை அடித்துப் பழக்கினார்கள். மற்ற வேலைக்கெல்லாம் இடது கைதான் தன்னால் முந்திக்கொள்ளும். அத்தான் செத்த பிறகு ஒற்றை மகனை ஆளாக்கியதும் அந்தக் கைதான்.

நாங்கள் இருவரும் ஒரு விருந்து மண்டபத்தில் வேலை பார்க்கிறோம். நான் தட்டு கழுவுகிறேன். அக்கா ஸ்பூன், முள்கரண்டி, கத்தி மூன்றையும் ஈரம் போகத் துடைத்து, டிஷ்யூவில் வைத்துச் சுருட்டி, மேஜைகளுக்குத் தயார் செய்வாள்.

அன்று அவள் மகன் கப்பல் வேலைக்குப் போகிறான். அவன் படித்த ஊரிலிருந்து துறைமுகத்துக்கு ஏறிப்போகும் பஸ் சாயங்காலம் எங்கள் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நிற்கும். இனி இரண்டு வருஷத்துக்கு முகத்தைப் பார்க்க முடியாது. அதனால் அக்கா விடிந்ததும் வந்து, கூடை கூடையாகச் சுருட்டி முடித்துவிட்டாள்.

அன்றைக்கு முதலாளி வருகிறார் என்று சூப்பர்வைசருக்குத் திடீரென்று கண் திறந்துவிட்டது.

"என்னம்மா இது? மத்தவங்க சுத்தினதுல மடிப்பு வலது பக்கம் முடியுது. உன்னுது மட்டும் இடது பக்கம். மேஜையில வச்சா கோணலாத் தெரியும். எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி சுத்து."

"சார், எம்புள்ள பஸ்ஸு…"

"பாதியில போனா நாளைக்கு வேலைக்கு வராத."

இத்தனை வருஷம் இந்த ஆள் கண்ணை எங்கே அடகு வைத்திருந்தான்? ஈரக்கையோடு ஓடினேன்.

"நான் சுத்தறேன் சார். அவங்கள விடுங்க."

"சுத்தினவதான் பிரிக்கணும். அப்பத்தான் புத்தி வரும். நீ என்ன வக்காலத்தா?"

குதிரை கீழே தள்ளியது பத்தாதென்று குழியும் பறித்ததாம்.

அக்கா பிரிக்க உட்கார்ந்தாள். அவனைவிட அவள்மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம்.

"தூக்கிப் போட்டுட்டு வாக்கா!"

"அப்புறம் வீட்டுல உலை யாரு வைப்பா, நீயா?"

காலையில் மகனுக்காகக் கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள். வீட்டு ஸ்பூனைக் கசங்கிய டிஷ்யூ ஒன்றில் சுருட்டி அதன்மேல் வைத்தாள். "உன் தட்டெல்லாம் கழுவியாச்சுல்ல, நீ போய்ப் பாரு" என்றாள். அவள் கண் கலங்கியதைப் பார்க்கப் பிடிக்காமல் ஓடினேன்.

பஸ் கிளம்ப உறுமிக்கொண்டிருந்தது. அவன் ஜன்னலில் தலையை நீட்டித் தேடிக்கொண்டிருந்தான்.

"சித்தி, அம்மா எங்க?"

டப்பாவை நீட்டினேன். அவன் சுருளை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா சுத்தினதுதான். இடது பக்கம் முடியுது பாருங்க." பிரிக்காமல் சட்டைப்பையில் செருகிக்கொண்டு எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "பின்னாடி வர்றாங்களா?"

"வரமாட்டாடா! அப்படிச் சுத்தினதுக்குத்தான் உங்கம்மாவ அங்க பிடிச்சு உக்கார வச்சிருக்கான், பாவி!"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பஸ் நகர்ந்துவிட்டது. அவன் சிரிப்பு நின்றது. திருப்பத்தில் மறையும்வரை சட்டைப்பையைப் பொத்திய கையை அவன் எடுக்கவில்லை.