நிரந்தர முகவரி: மேற்படி

போன வாரம் குரோம்பேட்டையில் ஆதார் கார்டுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். கடையில் இருந்த பெண் நீட்டிய தாள் சுடச்சுட இருந்தது. வாங்கியவள் என்ன நினைப்பிலோ அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுவிட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நாற்பதைத் தாண்டிய பொம்பளை ஜெராக்ஸ் பேப்பரைக் கொஞ்சினால் யார்தான் பார்க்க மாட்டார்கள்? இந்தச் சூட்டோடும் இந்த மை வாசனையோடும் நான் பத்து வருஷம் குப்பை கொட்டியவள் என்று அவளிடம் சொல்லவா முடியும்? உங்களிடம் சொல்கிறேன்.

இரண்டாயிரத்தின் ஆரம்ப வருஷங்கள். கிழக்குத் தாம்பரத்தில், ஸ்டேஷனுக்குக் கூப்பிடு தூரத்தில், பாய் ஒருவர் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். டிகிரி முடித்துவிட்டு, கலெக்டர் உத்தியோகம் கிடைக்கிறவரை இங்கே இருப்போம் என்று சேர்ந்தேன். அந்த உத்தியோகம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது. கடையில் ஒரு கம்ப்யூட்டர், அதற்குப் பாய் வீட்டம்மா தைத்துக் கொடுத்த பூப்போட்ட உறை, மழைக்காலத்தில் தாளைக் கடித்துத் துப்புகிற ஒரு மெஷின். மத்தியானம் பாய் வீட்டிலிருந்து தால்சா வந்துவிட்டால் அந்த வாசனையில் எனக்கு எழுத்தெல்லாம் மாறிப்போகும்.

பாய் கடையில் ஒரே ஒரு சட்டம்தான். "ஒரு கட்டம்கூட காலியா வுடாதம்மா. வுட்டா ஃபாரம் திரும்பி வந்துடும். அப்புறம் அந்த ஆளு ரெண்டாவது தபா அலையணும், பேஜாரு."

அதனால் எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஃபாரத்தில் தற்போதைய முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும், அடுத்து நிரந்தர முகவரி. முதல் கட்டத்தை அடித்துவிட்டு, இரண்டாவதில் 'மேற்படி' என்று தட்டிவிடுவோம். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது சரியாகவே இருக்கும். மூளை வரைக்கும் போகவேண்டாம், விரலே பார்த்துக்கொள்ளும்.

இலங்கைக்காரர்கள் நிறையப் பேர் எங்களிடம் வருவார்கள். முகாமில் இல்லாமல் வெளியே வாடகைக்கு இருப்பவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துகொள்ள வேண்டும். வீடு மாறினால் மறுபடியும் பதிய வேண்டும். வீட்டுக்காரர் கடிதம், ஃபோட்டோ, வந்த தேதி, வந்த வழி என்று அது ஒரு பெரிய படலம். செம்பாக்கம் ஏரிப் பக்கம் ஒரு மாடி போர்ஷனில் இருந்த மலரக்கா அப்படி வந்தவர்தான். வீட்டில் தையல் மெஷின் வைத்துப் பிழைத்தார். கணவர் இலங்கைச் சண்டையில் இறந்துவிட்டார். கைக்குழந்தையாகத் தூக்கிவந்த மகள் துளசிக்கு அப்போது ஐந்து வயது. அது நம் செம்பாக்கத்துப் பிள்ளைகளோடு விளையாடி, "இன்னாம்மா, வூட்டுக்குப் போலாம் வா" என்று இழுக்கும். மலரக்கா தலையில் அடித்துக்கொள்வார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியாது.

வந்த வழி என்ற கட்டத்துக்குப் படகு என்றார். சொல்லிவிட்டு, நான் அடித்து முடிக்கும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து நிரந்தர முகவரி. கதவு எண் கேட்டேன்.

"வீட்டுக்கு நம்பர் ஒண்டும் இல்லைத் தங்கச்சி. பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால மூண்டாவது ஒழுங்கை. ரெண்டு மாமரம் நிக்கிற வீடு. எங்கட ஐயான்ர பேரைச் சொன்னா ஆரும் காட்டுவினம்."

ஒழுங்கை என்றால் அவர்கள் ஊரில் சந்து. கட்டமோ இரண்டு வரிதான். வெளியே நாலு பேர் காத்திருந்தார்கள். மாமரத்தைப் போய் எந்த ஃபாரத்தில் அடிப்பது என்று எனக்கு ஒரு அலட்சியம். நான் 'மேற்படி' என்று தட்டிவிட்டேன். மலரக்கா கையெழுத்துப் போட்டார், ஸ்டேஷனில் சீல் விழுந்தது, ஃபாரம் திரும்பி வரவில்லை. பாய் என்னைப் பாராட்டி டீ வாங்கிக் கொடுத்தார்.

அதன் பிறகு மலரக்கா எங்கள் ஆளாகிவிட்டார். என் ரவிக்கையெல்லாம் அவர் தைத்ததுதான். பருத்தித்துறை வடை என்று தட்டையாக, காரமாக ஒன்று டப்பாவில் கொண்டுவருவார். பாய் வீட்டு தால்சா அதே டப்பாவில் திரும்பிப் போகும்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. அங்கே சண்டை நிறுத்தம் என்று பேப்பரில் போட்டார்கள். மலரக்காவின் அப்பா அந்த வீட்டில் தனியாக இருந்தார். கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டார் எழுதும் கடிதத்தில் ஒவ்வொரு தடவையும் அவர் பேத்தியின் உயரம் கேட்பாராம். முழுசாகக் குருடாவதற்குள் பிள்ளையை அவர் கண்ணில் காட்டிவிட வேண்டும், இதுதான் மலரக்காவின் ஒரே தவிப்பு. நாட்டை விட்டுப் போக அனுமதி கேட்டு எழுதினார்.

அனுமதி தருகிற ஆபீசில் ஃபைலைப் புரட்டிவிட்டு, உங்கள் நிரந்தர முகவரியே செம்பாக்கம் என்று இருக்கிறது, அப்புறம் எந்த ஊருக்குத் திரும்பப் போகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் கெட்டவர் இல்லை. தாளில் இருந்ததைத்தான் கேட்டார். மலரக்கா அந்தத் தாளோடு நேராகக் கடைக்கு வந்தார்.

"தங்கச்சி, என்னை நீர் இந்த ஊர்க்காரி ஆக்கிப்போட்டீர்" என்று சிரித்தார்.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாய் தாளை வாங்கிப் பார்த்தார், எனக்கு லீவு கொடுத்தார். மூன்று மாதம் மலரக்காவும் நானும் ஸ்டேஷன், வக்கீல், அந்த ஆபீஸ் என்று மின்சார ரயிலில் லொங்கு லொங்கென்று அலைந்தோம். புது ஃபாரத்தில் எழுத்தைச் சின்னதாக்கி, பிள்ளையார் கோயில், ஒழுங்கை, மாமரம் எல்லாவற்றையும் அந்த இரண்டு வரிக்குள் அடைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் அடித்ததில்லை.

அனுமதி கிடைத்த அன்று பாய் மட்டும் சுரத்தில்லாமல் இருந்தார். "சண்டை நின்னுகீதுன்னுதான் சொல்றாங்க, முடிஞ்சுதுன்னு யாரும் சொல்லலியேம்மா. இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டுப் போலாமே" என்றார். மலரக்கா என்னைப் பார்த்தார். உமக்கு என்ன படுகுது என்று கேட்டார்.

நான் ஒரு முந்திரிக்கொட்டை. என் தப்பைத் துடைத்துவிட்ட சந்தோஷம் வேறு. "அதான் எல்லாம் சரியாயிடுச்சே, கிளம்புங்கக்கா. அப்பா காத்துக்கினு இருக்காரு" என்றேன்.

போனார்கள். ஒரே ஒரு கடிதம் வந்தது. ஐயாவுக்குக் கொஞ்சம் பார்வை மிச்சம் இருந்ததாம். துளசியை வெயிலில் நிறுத்தி, முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாராம். அவள் "இன்னா தாத்தா" என்றதும் அழுது, அப்புறம் சிரித்தாராம். அதை வாசித்துவிட்டு நான் கடையிலேயே அழுதேன். பாய் மெஷினைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டார்.

பிறகு அங்கே மறுபடியும் சண்டை மூண்டது. நான் எழுதிய கடிதங்களுக்குப் பதில் இல்லை. சண்டையின் கடைசி வருஷத்தில் பாய் டிவியில் செய்தி வைப்பதையே விட்டுவிட்டார். முகாமிலிருந்து இங்கே வந்தவர்கள், அங்கிருந்து தப்பி வந்தவர்கள் என்று யார் கடைக்கு வந்தாலும் விசாரித்தேன். அந்தப் பக்கத்து ஆட்கள் எங்கெங்கோ சிதறிவிட்டார்கள் என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை.

பாய் காலமாகிவிட்டார். கடை இருந்த இடத்தில் செல்ஃபோன் ஷோரூம். செம்பாக்கத்தில் அந்த மாடி வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள், நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். வாட்ச்மேன் யார் வேண்டும் என்று கேட்டார், அட்ரஸ் தப்பு என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நான் தப்பாக அடித்திருந்த வரைக்கும் மலரக்கா இங்கேதான் இருந்தார். சரியாக அடித்துக் கொடுத்தேன், போய்விட்டார்.