பூசணிக்காய்ப் பேய் செய்த எங்கள் மச்சான்

சேதி வந்தபோது எங்கள் வீட்டில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், முறத்தில் ஏலக்காய் பிரித்துக்கொண்டிருந்த என் மாமியார், பக்கத்து வீட்டு ராசம்மா, சேதி கொண்டுவந்த லாரி டிரைவர். ஆக ஐந்து பேர். டிரைவர் வாசலில் நின்றபடியே, "கணக்கப்பிள்ளை ஐயா போயிட்டாருங்க. காலையில எடை போடுற எடத்துல உக்காந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். முதலில் அழுதது ராசம்மா. அவளுக்கு மச்சானைத் தெரியாது.

என் அக்காள் பேச்சியம்மாளின் கணவர், போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில் இருபது வருஷம் கணக்கப்பிள்ளையாக இருந்த வேலுச்சாமி அவர்களைப் பற்றி ஆண்கள் அச்சடித்த அஞ்சலி உங்களுக்கு வந்திருக்கும். 'கலைச்செல்வர்' என்று போட்டிருக்கிறார்கள். இதை நான் நம் வீட்டுப் பெண்களுக்கு மட்டும் எழுதுகிறேன். ஏழு நகல்: கீழே ஆறு, மலையில் இருக்கும் அக்காளுக்கு ஒன்று. காரியம் முடிந்த பிறகும் அக்காள் இறங்கி வர மறுக்கிறாள். அது தோட்டத்து வீடு. வேலை பார்த்தவர் போனால் காலி செய்ய வேண்டியது. பிள்ளை குட்டி இல்லாதவள் அங்கே தனியாக இருப்பாளா, என்னோடு வந்துவிடுவாளா என்பதுதான் என் கவலை. இருந்தாலும் இறந்தவருக்குச் செய்ய வேண்டிய மரியாதையை முதலில் செய்துவிடுகிறேன்.

மச்சான் குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார். துரை வீட்டு நாய் எதிரே வந்தாலும் அவர் தோளில் துண்டு நிற்காது. அவ்வளவுதான் அவர்.

வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போய் நாலைந்து வருஷம் ஆகியும் அந்தத் தோட்டத்துத் துரை மட்டும் போகவில்லை. ஓர் ஐப்பசியில் மச்சான் மூச்சு வாங்க எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"கொழுந்தியா, பழைய தலகாணி இருந்தா வெரசா கொண்டா. கிழிஞ்ச கொடை இருந்தாலும் குடு."

"எதுக்கு மச்சான்?"

"பேய் செய்யணும்."

"பேய ஓட்டத்தான் சனங்க கோயிலுக்குப் போகும். நீங்க செஞ்சு வாசல்ல கட்டப் போறீகளா?"

"துரைசானி படம் காட்டுனாக. அவுக ஊர்ல வருசத்துக்கு ஒருநா இப்படித்தானாம். வீட்டு வாசல்ல பேய் கட்டி, புள்ளைகளப் பயங்காட்டி, முட்டாயி குடுப்பாகளாம். காசு செலவில்லாம செய்யின்னு உத்தரவு."

"நம்ம ஊர்ல சோறு ஊட்டத்தான் பயங்காட்டுவோம். அதுக்கே பேயி வேண்டியதில்ல, உங்க மொகரை போதும்."

சிரித்தார். எதைச் சொன்னாலும் சிரிப்பார்.

என் தலையணையின் இலவம்பஞ்சை இழுத்து இழுத்துச் சிலந்தி வலை ஆக்கினார். கொட்டாங்கச்சியில் விளக்குமாற்றுக் குச்சிகளைச் செருகிச் சிலந்தி. குடைத்துணியில் வௌவால். கவிழ்த்த சட்டியின் மேல் வேட்டியைப் போட்டு வெள்ளைப் பேய். மஞ்சள் பூசணியைக் குடைந்து, கண்ணும் பல்லும் அறுத்து, உள்ளே அக்காள் கார்த்திகைக்கு ஏற்றும் அகலை எடுத்து வைத்தார். சாமிக்கு ஏற்றும் விளக்கைப் பூசணிக்காயின் வாய்க்குள் வைக்க எந்த மனுஷனுக்குக் கை வரும்? குடைந்தெடுத்த சதையை அக்காள் மூன்று நாள் கூட்டு வைத்து, லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் கூலிப் பெண்களுக்கும் கொடுத்துத் தீர்த்தாள். துரைசானி கை தட்டினாராம். பிஸ்கட் டின் ஒன்று கொடுத்தாராம். காலி டின். அதை மச்சான் முருகன் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்.

கூத்து முடிந்ததும், எறியச் சொன்ன பூசணித் தலையைத் தம் வீட்டு முன்வாசலில் கட்டினார். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில், லயத்தில் இருக்கும் அழகம்மாளைக் குடிகாரப் புருஷன் விறகுக் கட்டையோடு துரத்தி வந்தான். அவள் மச்சான் வீட்டுக்குள் ஓடினாள். அவன் வாசலுக்கு வந்து, பல்லில் நெருப்பு எரியும் அந்த மூஞ்சியைப் பார்த்தான். கட்டையைப் போட்டுவிட்டு ஓடினான். மறுநாள் லயத்துப் பெண்கள் தேங்காயும் சூடமுமாக வந்து நின்றார்கள். மச்சான் என்ன செய்தார்? திருநீறு எடுத்துக் கொடுத்தார்!

நான் போய்க் கேட்டேன். "இது துரைசானி வீட்டு வெளையாட்டுச் சாமான்னு சொல்ல வேண்டியதுதானே? பூசணிக்காய்க்குச் சூடம் காட்ட வைக்கிறீகளே, இது அடுக்குமா?"

"கும்பிடுற கைய எப்படித் தட்டிவிடுறது கொழுந்தியா?" என்றார். "எனக்கே இப்பல்லாம் அது முன்னால நின்னா ஒடம்பு சிலுக்குது."

தாம் அறுத்த காய்க்குத் தாமே சிலிர்த்தவரைத்தான் கலைச்செல்வர் என்கிறார்கள்.

பிறகு துரை குடும்பம் கப்பலேறியது. மச்சான் விடவில்லை. காய் அழுக அழுக, சந்தையில் வேறு வாங்கி லாரியில் ஏற்றிப் போய்க் கட்டினார். புது மானேஜர் வந்து, அதை அவிழ்த்து எறியச் சொன்னார். அன்று காலையில் பெண்கள் ஒருத்தி கூட ஏலக்காட்டுக்குள் வேலைக்கு இறங்கவில்லை. "சாமி போனா நாங்களும் போறோம்" என்றார்களாம். மானேஜர் வாயை மூடிக்கொண்டார்.

காரியம் முடிந்த அன்று அக்காளிடம் சொன்னேன்: "கெளம்புக்கா. ஊரெல்லாம் முட்டாப் பொம்பளைக கும்பிடுற பேய்க்குக் காவலா இருக்கப் போறியா?"

அக்காள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "யாருடி முட்டாப் பொம்பளை? கூட்டு வச்சுத் தின்னவளுகளுக்கா அது பூசணிக்கான்னு தெரியாது? ஆம்பளைகளுக்குத் தெரியாது, அது போதும். அஞ்சு வருசமா இந்த லயத்துல பொம்பளை மேல ஒருத்தன் கட்டையத் தூக்கல. அது வாசல்ல தொங்குற வரைக்கும் என்னைய எந்த மானேஜரும் எந்திரிக்கச் சொல்ல மாட்டான். ஒன் வீட்ல வந்து ஒன் மாமியா கொடுக்குற சோத்த நான் எதுக்குத் திங்கணும்?"

"மச்சானுக்குத் தெரியுமா?"

"அவுக பாவம், கும்பிட்டுட்டே இருந்தாக. சொல்ல மனசு வரல."

ஆக, அது பூசணிக்காய் என்பதை மறந்துபோனவர் அவர் ஒருவர்தான். வேலுச்சாமி அவர்களே, உங்களிடம் எனக்கு மரியாதை இருந்ததில்லை, இப்போதும் இல்லை. உங்கள் கையால் அறுத்ததில் என் அக்காளுக்கு ஒரு கூரை நிற்கிறது. அதுவும் உங்களுக்குத் தெரியாமல். முருகன் உங்களைச் சேர்த்துக்கொள்ளட்டும். அங்கேயாவது துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நில்லுங்கள்.

அக்கா, நான் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். மழைச் சாரலில் அந்த மூஞ்சி ஒரு பக்கம் உள்வாங்கி, வாய் கோணித் தொங்கியது. இன்னும் ஒரு வாரம் தாங்காது. வெள்ளிக்கிழமை ஜீப்பு மேலே வருகிறது. உன்னை ஏற்றி வரக் காலியாக அனுப்பவா, நல்ல மஞ்சள் பூசணியாகப் பார்த்து ஏற்றி அனுப்பவா? வியாழக்கிழமை சந்தை. அதற்குள் பதில் எழுது.