நாத்தனாரின் வெளிச்சம்

கேகாலையில் ஸ்டூடியோக்காரர்களுக்கு லைட்டிங் வகுப்பு வைக்கிறார்கள் என்று ஃபிலிம் விற்க வரும் ஏஜெண்ட் சொன்னபோது, நான்தான் போகப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டேன். யட்டியாந்தோட்டைக் கடைவீதியில் நானும் என் கணவரும் ஸ்டூடியோ போட்டு அப்போது நாலைந்து வருடம் ஆகியிருந்தது. அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போய்விடுவார். கடையில் நின்று அடையாள அட்டைப் படம், பாஸ்போர்ட் படம், குடும்பப் படம் எல்லாம் எடுத்தது நான். அம்மாவும் அப்பாவும் றப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். எங்கள் தோட்டத்து லய வீட்டில் பிறந்த ஒரு பெண், பெரிய மனிதர்களைப் பார்த்து “நாடியக் கொஞ்சம் தூக்குங்க” என்று சொல்ல முடிகிறதே என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை இருந்தது.

அவர் தன் தங்கையை அனுப்பினார்.

“புள்ள இன்னும் பால் குடிக்குது. நீ எப்படிப் போய் இருப்ப? தங்கச்சி போகட்டும். வந்து ஒனக்குச் சொல்லிக் குடுப்பா” என்றார்.

என் நாத்தனார் ஏ.எல். பரீட்சை எழுதிவிட்டு, கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத்தான் எங்களிடம் வந்திருந்தாள். பிள்ளையைப் பார்க்க வந்தவள் லைட்டிங் படிக்கப் போனாள். ஸ்டூடியோவைப் பார்த்துக்கொண்டிருந்த நான் பிள்ளையைப் பார்த்தேன். அவள் என் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியதைக்கூட என்னால் தாங்க முடியவில்லை.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக அடுப்படியிலிருந்து ஒரு முட்டையை எடுத்து வந்து ஸ்டூலில் ஒரு போத்தல் மூடிமேல் நிறுத்தினாள்.

“அண்ணி, இதுதான் மூஞ்சின்னு வச்சுக்குங்க. நம்ம ரெண்டு லைட்டையும் நேரா முன்னால வச்சு அடிக்கிறோம்ல, பாருங்க, முட்டை தட்டு மாதிரி சப்பையாத் தெரியுது. இப்ப ஒண்ண அணைச்சிட்டு, மத்தத ஓரமா, கொஞ்சம் ஒசத்தி வைப்போம்.”

முட்டை உருண்டு திரண்டு முன்னால் வந்தது. ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல். அந்த நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தாள். கறுப்பாக இருந்த நிழல் கரைந்து சாம்பலானது. “அம்புட்டுதான் அண்ணி” என்று சிரித்தாள்.

அம்புட்டுதான் என்பதுதான் எனக்கு வலித்தது. அத்தனை வருடம் அந்த இரண்டு விளக்குகளுக்கு நடுவில் நின்றவள் நான். ஒன்றை அணைத்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லையே!

அடுத்த மாதம் தோட்டத்து மேல் டிவிஷனிலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். நல்ல கறுப்பு. எங்கள் கடையில் கறுப்பான முகங்களுக்கு அப்பவெல்லாம் ஒரே வைத்தியம்தான்: பவுடரை அப்பி, இரண்டு விளக்கையும் முகத்துக்கு நேராகப் போடுவோம். நான் பவுடர் டப்பாவை எடுத்தேன். நாத்தனார் என் கையைத் தொட்டாள்.

“வேணாம் அண்ணி. அந்த அக்காவோட கன்னத்தப் பாருங்க, எண்ணெ தடவுன மாதிரி மினுங்குது. அந்த மினுக்கத்தத்தான் நாம பிடிக்கணும்.”

பவுடரைத் துடைத்துவிட்டு, ஒரு விளக்கைப் பெட்டிக்குள் வைத்து வெள்ளைத் துணி போர்த்தி, அதை அந்தப் பெண்ணின் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தாள். படம் கழுவி வந்த அன்று அந்தப் பெண் அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு, “இது நான்தான்” என்றாள். அவளுடைய அம்மா என் நாத்தனாரின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார். நான் கவுண்டருக்குப் பின்னால் கவர் ஒட்டிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு கடைக்கு வருகிறவர்கள் என்னைத் தாண்டி உள்ளே எட்டிப்பார்க்கத் தொடங்கினார்கள். “தங்கச்சி இல்லையா?” என்பார்கள். “நங்கி நெத்த?” என்று சிங்களத்திலும் அதையே கேட்பார்கள். இல்லை என்றால் நாளைக்கு வருகிறோம் என்று போய்விடுவார்கள். என் கணவரும் சாப்பிடும்போது, “அவளுக்குக் கண்ணு இருக்கு” என்பார். எனக்கு இருப்பது என்ன, கொட்டைப் பாக்கா என்று கேட்க நாக்கு துடிக்கும். கேட்கமாட்டேன். அவள் எடுத்த படங்களை மட்டும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துக் குறை தேடுவேன். மூக்கு நிழல் உதட்டில் விழுந்திருக்கிறதா, கண்ணில் வெளிச்சப் புள்ளி இருக்கிறதா என்று தேடித் தேடியே, வகுப்புக்குப் போகாமல் நானும் அந்தப் பாடத்தைப் படித்து முடித்தேன்.

பிறகு நிவித்திகலையிலிருந்து ஒரு கல் வியாபாரி வந்தார். சிங்களவர். வெளிநாட்டில் வாங்குகிறவர்களுக்கு அனுப்ப ஒரு நீலக்கல்லைப் படம் எடுக்க வேண்டுமாம். பட்டை தீட்டாமல் மொச்சைக் கொட்டை மாதிரி வழவழவென்று இழைத்த கல். கடை வாசலில் வெயிலில் பிடித்துக் காட்டினார். கல்லின் உச்சியில் ஆறு கதிரோடு ஒரு வெள்ளை நட்சத்திரம் மிதந்தது. கையை அசைத்தால் அதுவும் நகர்ந்தது.

“தருவ பேன்ன ஓனே, நங்கி” என்றார். நட்சத்திரம் தெரிந்தே ஆக வேண்டும்.

நாத்தனார் கறுப்பு வெல்வெட்டில் கல்லை வைத்து, துணி போர்த்திய பெட்டியைப் பக்கத்தில் கொண்டுவந்தாள். கல் அழகாக நீலமாக ஒளிர்ந்தது. நட்சத்திரத்தைக் காணோம். பெட்டியை இன்னும் கிட்டத்தில் நகர்த்தினாள். பால் கலந்த மாதிரி ஒரு வெளுப்பு மட்டும்தான் வந்தது. துணியைக் கழற்றி இரண்டு விளக்கையும் போட்டாள். ஒன்றுக்கு இரண்டாக, சோகையான நட்சத்திரங்கள் தெரிந்தன. வியாபாரி தலையை ஆட்டினார். இப்படி அனுப்பினால் போலிக் கல் என்பார்கள் என்றார். அவள் நெற்றி வியர்த்துவிட்டது.

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்வானேன், அந்த வருடத்திலேயே எனக்கு அத்தனை சந்தோஷமான வேளை அதுதான்.

வெயிலில் தெரிந்தது இங்கே ஏன் தெரியவில்லை என்று யோசித்தேன். சூரியன் ஒன்றுதான். அது தூரத்தில் இருக்கிறது. அதற்கு யாரும் துணி போர்த்தவில்லை. பிள்ளையை அவள் கையில் கொடுத்தேன்.

“தள்ளு. ஒரு லைட்டு போதும்.”

ஒரு விளக்கை அணைத்தேன். மற்றதைத் துணியில்லாமல், கல்லுக்கு நேர் மேலே கூரை வரைக்கும் உயர்த்தினேன். விளக்கு தூரம் போகப் போகக் கல்லின் வெளுப்பு சுருங்கிக் கோடானது. கோடுகள் ஒன்றையொன்று வெட்டின. ஆறு கதிரும் ஊசி மாதிரி நின்றன. வியாபாரி கைதட்டிவிட்டார்.

அவள் முகம் தொங்கும் என்று திரும்பிப் பார்த்தேன். அவளோ பிள்ளையைத் தூக்கிக் குதித்தாள். “அண்ணி! எப்படி அண்ணி கண்டுபிடிச்சீங்க? வகுப்புல யாருமே இத சொல்லலயே!” கணவர் வந்ததும் வராததுமாக வாசலுக்கே ஓடிப்போய்ச் சொன்னாள். பக்கத்து பேக்கரியில் சொன்னாள், பஸ் கண்டக்டரிடம்கூடச் சொன்னாள். அவளுடைய படத்தை ஒருவர் புகழ்ந்தபோது ஒருநாளாவது என் வாய் அப்படித் திறந்திருக்கிறதா? வெளிச்சத்தில் ஜெயித்தேன், அந்தக் குணத்தில் எட்டமுடியவில்லை. அன்றிலிருந்து அதற்கும் சேர்த்துப் பொறாமைப்பட்டேன்.

அவளைக் கேகாலையில் கட்டிக்கொடுத்தோம். அங்கே ஒரு பெரிய ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தாள். கல் வியாபாரிகள் என்னைத் தேடி வந்தார்கள். கல்யாணப் பெண்கள் பஸ் ஏறி அவளிடம் போனார்கள்.

டிஜிட்டல் கேமரா வந்த பிறகு ஒருநாள் போன் எடுத்தாள். “அண்ணி, ஒரு கம்பனிக்கு கோடியல் போத்தல் படம் எடுக்கணும். எங்க லைட்டு வச்சாலும் கண்ணாடியில அது வெள்ளையா விழுந்துருது. நீங்க ஏதும் செஞ்சிருக்கீங்களா?”

நான் கண்ணாடிப் போத்தலைப் படம் எடுத்ததே கிடையாது. “யோசிச்சுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டு, தண்ணீர் கலந்து குடிக்கிற சிவப்புச் சர்பத்தில் ஒரு கோடியல் போத்தல் கடையில் வாங்கிவந்தேன். அன்றைக்கும் மறுநாளும் வந்தவர்களைக் கணவரிடம் தள்ளிவிட்டு அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் விளக்கைப் போத்தலுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் திரைக்கு அப்புறம் வைத்து, இரண்டு பக்கமும் கறுப்பு அட்டையை நிறுத்தினேன். போத்தலின் விளிம்பு மையால் கோடு இழுத்த மாதிரி வந்தது. உள்ளே பானம் சிவப்பாக எரிந்தது.

உடனே போன் எடுத்து ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

“ஆமா அண்ணி, அதேதான். நேத்து பின்னேரம் எனக்கும் அது வந்துருச்சு. படம்கூட அனுப்பிட்டேன்.”

“அப்படியா, நல்லது” என்றேன். போனை வைத்துவிட்டு அந்தப் போத்தலைத் திறந்து, தண்ணீர்கூடக் கலக்காமல் ஒரு கிளாஸ் ஊற்றிக் குடித்தேன்.