ரப்பர் தோட்டத்தில் நின்ற வெள்ளைப் பசு

போன ஐப்பசியில், திற்பரப்புக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊரில் நடந்தது இது. இப்போது நினைத்தாலும் எனக்குப் புல்லரிக்கிறது.

என் கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். ஊருக்குத் திரும்பி மாடு வளர்க்க வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. அதற்குப் பிள்ளையார் சுழியாக, அங்கிருந்தே வீடியோவில் பார்த்துப் பேசி, பர்கூர் மலைப் பக்கத்திலிருந்து ஒரு பசுவை வாங்கி வண்டியில் அனுப்ப வைத்தார். எங்கள் பக்கம் ஜெர்சியும் சிந்தும்தான் அதிகம். இதுவோ செம்மறை. செவலை உடம்பில் சுண்ணாம்பு தெறித்ததுபோல வெள்ளைத் திட்டுகள். என்ன அழகு! தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. அதிலும் நிறைசினை.

ஆனால் மகா கோபக்காரி. கொட்டுகிற மழையில் வந்து இறங்கியவளைத் தொழுவத்தில் சுவரோரமாகக் கட்டினார்கள். கிட்டே போனாலே கொம்பை ஆட்டுவாள். நான் எட்ட நின்றே வைக்கோலைத் தள்ளிவிட்டு ஓடிவந்துவிடுவேன். வீரத்தில் நான் அப்படி!

வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு வெடி போட்டார்கள். கயிற்றை அறுத்துக்கொண்டு ஒரே ஓட்டம். பழகாத ஊர், இன்றோ நாளையோ ஈனப்போகிற பசு, சானல் கால்வாயில் வேறு தண்ணீர் நிரம்பி ஓடுகிறது. தொழுவத்து வாசலில் நின்று எடுத்து வைத்திருந்த படத்தை ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் எல்லாம் போட்டுவிட்டு, மழைத் தூறலில் தேடி அலைந்தேன்.

முகம் தெரியாத ஒருவர் கூப்பிட்டார். ரப்பர் பால் வெட்டுபவராம்.

“அக்கா, இங்க தோட்டத்துல ஒரு பசு நிக்கு. ஈனப்போவுற மாதிரி இருக்கு. ஆனா இது வெள்ளப் பசுவாக்கும்.”

“எங்க பசு செவலையாக்கும். படத்தப் பாக்கலியா?” என்று எரிந்து விழுந்து போனை வைத்துவிட்டேன்.

அடுத்து மஸ்கட்டிலிருந்து கணவர் கூப்பிட்டார். யாரோ வெள்ளைப் பசுவைப் பார்த்துவிட்டு என் உயிரை வாங்குகிறார்கள் என்று அவரிடம் பொருமினேன். அவர் கத்தினார், “ஏட்டி, அது நம்ம பசுதான்! சுவரு பக்கம் இருக்க உடம்ப நீ பாத்தியா?”

விற்றவர் அனுப்பிய வீடியோவை உடனே எனக்கு அனுப்பினார். அதில் பசுவைச் சுற்றி வந்து காட்டியிருந்தார்கள். இந்தப் பக்கம் நான் பார்த்த செவலைதான். அந்தப் பக்கமோ, கழுத்திலிருந்து வால்வரை வெள்ளை! வாய் பிளந்து நின்றேன். மறை மாட்டுக்கு இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்காது என்பது எனக்கு எங்கே தெரியும்?

பதறிப்போய் அந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். “இங்கதான் நிக்கேன், வாங்க” என்றார்.

ஸ்கூட்டரை எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. தோட்டத்துக்குள் தூரத்தில் ஒரு வெள்ளைப் பசு. சுற்றிப் போய் மறுபக்கம் பார்த்தேன். என் செவலை! துள்ளிக் குதிக்காத குறைதான். அவள் காலடியில், அப்போதுதான் பிறந்த கன்று. நக்கி நக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். மேலே இரண்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே தன் மழைக்கோட்டை விரித்துக் கட்டிவிட்டு, அந்த மனிதர் தொப்பலாக நனைந்து நின்றார்.

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. “நம்ம பசு இல்லன்னு நான்தான் சொல்லிட்டேனே தம்பி, பொறவும் ஏன் நின்னீங்க?”

“யாரு பசுவானா என்னக்கா? ஈனுற நேரத்துல நாய் வந்தா, அது என்ன செய்யும்?”

கன்று இப்போது முற்றமெல்லாம் துள்ளித் திரிகிறது. வருகிறவர்களிடம் இது பர்கூர், இது செம்மறை என்று இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டி நான் அளக்கிற அளப்பு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் வழியில் ஒரு வாயில்லா ஜீவன் தவித்து நின்றால், அது யாருடையது என்று கேட்க மட்டும் எனக்கு இப்போதெல்லாம் வாய் வருவதில்லை.